முதல் ஆப்பிரிக்க வேட்டைப் பயணம்: தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே, தான்சானியா – எங்கே போவது?

ஆப்பிரிக்காவில் சட்டப்படி வேட்டையாட விரும்பும் ஒருவர் முதன்முறையாக ஏற்பாட்டாளர்களின் விலைப்பட்டியல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அரை மணி நேரத்திலேயே குழம்பிப்போவார். ஒரு பட்டியலில் ஏழு நாளுக்கும் ஐந்து மிருகங்களுக்கும் சேர்த்து ஒரே தொகை போட்டிருக்கும். இன்னொன்றில் நாளுக்கு இவ்வளவு, மிருகத்துக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கும். மூன்றாவதில், சிங்கம் வேண்டுமென்றால் 21 நாளுக்குக் குறைவாக வர முடியாது என்று கண்டிப்பாக எழுதியிருக்கும். ஒரே பொருளைத்தான் மூன்று கடைகள் மூன்று விலைக்கு விற்கின்றன என்று எண்ணி விலையை மட்டும் ஒப்பிடுவதில்தான் முதல்முறை போகிறவர்களில் பலர் சறுக்குகிறார்கள். உண்மையில் அவை மூன்றும் வெவ்வேறு வகையான வேட்டைகள். அவற்றைப் பிரிப்பது மிருகத்தின் பெயரைக் காட்டிலும் அது வாழும் நிலத்தின் தன்மையே.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஆகவே கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் துப்பாக்கி உரிமத்தோடு வாழ்ந்து, அங்கே மான் வேட்டையில் ஓரளவு பழகிய தமிழர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வேட்டை சரியா, தவறா என்பது தனியே நடத்த வேண்டிய வழக்கு. போவதென்று முடிவு செய்தவருக்கு எங்கே போவது என்பது மட்டுமே இங்கே பேச்சு. பழைய வேட்டைக் கதைகளில் மயங்கிக் கென்யாவைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல்: அங்கே 1977 முதல் வேட்டைக்குத் தடை. போட்ஸ்வானா 2014இல் தடை செய்து 2019இல் மீண்டும் திறந்துவிட்டது. ஆனால் அங்கே யானை வேட்டையே முதன்மையானது என்பதால் முதல் பயணத்துக்கு அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

## எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

முதலாவது நிலம். உயர்ந்த கம்பிவேலிக்குள் இருக்கும் தனியார் பண்ணையா, மிருகம் தன் விருப்பப்படி வந்து போகும் திறந்த நிலமா, அப்படியென்றால் அதன் பரப்பு எத்தனை ஹெக்டேர்? இரண்டாவது மிருகம். குடு, ஜெம்ஸ்பாக், இம்பாலா ஆகிய மான் வகைகள், வரிக்குதிரை, வார்த்தாக் என்னும் காட்டுப்பன்றி போன்ற சமவெளி மிருகங்களா, அல்லது காட்டெருமை, யானை, சிங்கம், சிறுத்தை போன்ற, திரும்பி வந்து ஆளைக் கொல்லக்கூடியவையா? இந்த இரண்டாவது வகைக்குப் போனவுடன் துப்பாக்கி, நாள், கட்டணம், வழிகாட்டியின் தகுதி எல்லாமே மாறிவிடுகின்றன.

மூன்றாவது, ஊர் திரும்பி எல்லாக் கணக்கும் தீர்ந்த பிறகு வரும் மொத்தச் செலவு. இது விளம்பரத்தில் உள்ள தொகையாக ஒருபோதும் இருப்பதில்லை. நான்காவது, துப்பாக்கியை நாட்டுக்குள் கொண்டுபோவதற்கும் தோலையும் கொம்பையும் வெளியே கொண்டுவருவதற்கும் உள்ள காகித வேலை. ஐந்தாவது, உங்கள் உடல்நிலையும் உடன் வருபவர்களும். மனைவியும் பிள்ளைகளும் கூட வருவதென்றால், வேட்டைக்கு மிகச் சிறந்த இடம் குடும்பத்துக்கு மிக மோசமான இடமாக அமைந்துவிடலாம்.

## தென்னாப்பிரிக்கா

ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்கு வரும் வெளிநாட்டவரில் பெரும்பகுதியினர் இறங்குவது இங்கேதான். அதற்குச் சட்டமே ஒரு காரணம். 1991ஆம் ஆண்டின் வனவிலங்குத் திருட்டுச் சட்டம், போதிய வேலியிட்ட நிலத்தில் உள்ள மிருகங்களின் உடைமையை நிலத்துக்காரருக்கே உறுதிசெய்தது. மாடு வளர்த்த பண்ணைகள் பல, இம்பாலாவும் குடுவும் வளர்க்கும் பண்ணைகளாக மாறின. மிருகங்கள் ஏலத்தில் வாங்கி விற்கப்படுகின்றன. அதனால் வகையும் எண்ணிக்கையும் ஏராளம். ஏழே நாளில் ஐந்தாறு வகை மிருகங்களைச் சுடுவது இங்கே சாதாரணம்.

நிறைகள் தெளிவானவை. தினக் கட்டணம் பொதுவாகச் சில நூறு டாலர்களுக்குள் அடங்கும். தங்குமிடங்கள் நல்ல விடுதிகளைப் போலிருக்கும். கிழக்கு கேப் மாகாணத்தில் மலேரியா இல்லை என்பதால் பிள்ளைகளோடு செல்வோருக்கு அது பெரிய நிம்மதி. டர்பனில் உறவினர் உள்ளவர்களுக்கு இன்னொரு வசதி: குவாசூலு-நட்டாலின் வட பகுதி, நியாலா என்னும் அழகிய வரிமானுக்குப் பேர்போனது, நகரத்திலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில் அங்கே போய்விடலாம்.

குறையும் அதே வேலியிலிருந்துதான் பிறக்கிறது. 10,000 ஹெக்டேர் பண்ணையில் வேலி இருப்பதே தெரியாது. சில நூறு ஹெக்டேரில் அது ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணில் படும். அதைவிட மோசம், வாடிக்கையாளர் வரும் வாரத்தில் ஏலத்தில் வாங்கிய மிருகத்தைக் கொண்டுவந்து இறக்கிவிடும் வழக்கம். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் செய்பவர் யாரும் அதை விளம்பரத்தில் எழுதுவதுமில்லை. கூண்டில் வளர்த்த சிங்கத்தைத் திறந்துவிட்டுச் சுடவைக்கும் தொழில், வேட்டைக்காரர்களுக்குள்ளேயே பெரும் பிளவை உண்டாக்கியது. 2017இல் அந்நாட்டுத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கம் இதனாலேயே உடைந்தது. 2021இல் அரசு நியமித்த குழுவின் பெரும்பான்மை, சிங்கங்களை அடைத்து வளர்க்கும் தொழிலை நிறுத்துமாறு பரிந்துரைத்தது. மலிவாகச் சிங்கம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

காகித வேலையில் ஒரே தொல்லை துப்பாக்கி அனுமதிதான். எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற காவல்துறைப் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்ப வேண்டும். கையொப்பத்தை மட்டும் விட்டுவைத்து, ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் காவலர் முன்னிலையில் போட வேண்டும். துப்பாக்கி உங்களுடையது என்பதற்கான சான்று, ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச்சீட்டு மூன்றும் கையில் இல்லாமல் அந்த மேசைக்குப் போகக் கூடாது. ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்கள் வரை அனுமதி. ஒரே அளவுக் குழல் உள்ள இரண்டு துப்பாக்கிகள் கூடாது.

விடுமுறை குறைவாக உள்ளவர், குடும்பத்தோடு வருபவர், பல வகை மிருகங்களை விரும்புபவர் ஆகியோருக்கு இதுவே பொருத்தம்.

## நமீபியா

என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முதல் பயணத்துக்கு, வேறு கட்டாயங்கள் இல்லாதவரை, நமீபியாவைத்தான் பரிந்துரைப்பேன்.

1975ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்பு ஆணை, தனியார் நிலத்துக்காரர்களுக்கு வனவிலங்குகளைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்தது. 1996இல் வந்த திருத்தம் அதே வாய்ப்பைப் பொது நிலங்களில் வாழும் சமூகங்களுக்கும் விரித்தது. இன்று அத்தகைய சமூகப் பாதுகாப்பு நிலங்கள் 80க்கும் மேல். தனியார் நிலத்திலும் பல இடங்களில் இருப்பது மாட்டுக்கான இடுப்பளவு வேலி மட்டுமே. குடு அதை நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். ஜெம்ஸ்பாக் தாண்டாது, அடிக் கம்பிக்குக் கீழே மண்ணைத் தேய்த்துக்கொண்டு நுழைந்து போகும். பல தலைமுறையாக அப்படி நுழைந்த இடங்களில் கம்பி மேல்நோக்கி வளைந்து, அதன் முட்களில் மயிர்க்கற்றை சிக்கியிருக்கும். தடம் பார்ப்பவர் காலையில் முதலில் போய் நிற்பது அந்த இடங்களில்தான். பக்கத்துப் பண்ணைக்குப் போய்விட்ட மிருகத்தை இன்று சுட முடியாது. அந்த நிச்சயமின்மை இல்லாவிட்டால் வேட்டை என்ற பெயருக்குப் பொருளே இல்லை என்பது என் எண்ணம்.

சட்டமும் நேர்த்தியானது. வேட்டைக் காலம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. ஒரு வேட்டைக்காரருக்கு ஓர் ஆண்டில் ஒரு வகையில் இரண்டு மிருகங்களுக்கு மேல் டிராபியாக, அதாவது தலை, கொம்பு, தோலை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளக் கிடையாது. தோட்டாவின் குறைந்தபட்ச ஆற்றலையும் விதித்திருக்கிறார்கள்: ஸ்ப்ரிங்பாக் போன்ற சிறியவற்றுக்கு 1,350 ஜூல், குடு, ஜெம்ஸ்பாக் வகைக்கு 2,700 ஜூல், காட்டெருமைக்கும் யானைக்கும் 5,400 ஜூல். கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரிய மானுக்குப் பயன்படுத்தும் .30-06 துப்பாக்கி சமவெளி மிருகங்களுக்குத் தாராளமாகப் போதும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. கைத்துப்பாக்கி கூடாது. விண்ட்ஹூக் விமான நிலையத்தில் தற்காலிக அனுமதி பெறுவது தென்னாப்பிரிக்காவைவிட எளிது. 2025 ஏப்ரல் முதல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு விசா தேவை. வந்திறங்கியும் அதைப் பெறலாம்.

குறைகள்? வகைகள் குறைவு; நியாலா போன்றவை இந்நாட்டுக்கு உரியவை அல்ல. வறட்சி அடிக்கடி வரும். வந்த ஆண்டில் மிருகங்கள் மெலிந்தும் சிதறியும் இருக்கும். போகும் ஆண்டின் மழை எப்படி என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுவது புத்திசாலித்தனம். ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் இடங்கள் உண்டு. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு போய் இறங்குபவர்கள், விடியற்காலையில் திறந்த வண்டியின் பின்புறம் நின்றபடி நடுங்குவார்கள். பண்ணைகள் தொலைவில் இருப்பதால் வேட்டையில் நாட்டமில்லாத துணைக்கு ஒரு வாரம் நீளமாகத் தோன்றலாம். அப்படிப்பட்டவர்கள் வேட்டை முடிந்ததும் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு மூன்று நாள் சேர்த்துக்கொண்டால் வீட்டில் சமாதானம் நிலவும்.

## ஜிம்பாப்வே

காட்டெருமைக்காகப் போகிறவர்களுக்கு இந்நாடுதான் நியாயமான விலையில் உண்மையான காடு. சாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்கின் செவோரே, சாப்பி போன்ற அரசு வேட்டைப் பகுதிகளில் வேலி கிடையாது. கிராமப் பொது நிலங்களில், 1980களின் இறுதியில் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டத்தின்கீழ், வேட்டை வருமானத்தில் ஒரு பங்கு மாவட்ட மன்றங்களுக்கும் ஊர்களுக்கும் போகிறது; இறைச்சியும் பெரும்பாலும் அந்த ஊருக்கே. இங்கே வழிகாட்டிகளாக உரிமம் பெறும் தொழில்முறை வேட்டைக்காரர்களின் தேர்வு ஆப்பிரிக்காவிலேயே கடினமானது என்று பெயர் பெற்றது: எழுத்துத் தேர்வு, ஆண்டுக்கணக்கான பயிற்சி, பின்னர் காட்டுக்குள்ளேயே நடக்கும் செய்முறைத் தேர்வு. உங்கள் உயிர் அவர் கையில் என்பதால் இது வெறும் பெருமைப் பேச்சு அல்ல.

காட்டெருமை வேட்டையின் இயல்பு வேறு. விடியற்காலையில் தண்ணீர்க்கரையில் புதிய தடம் கண்டால், தடம் பார்ப்பவர் முன்னே நடக்க, வெயில் ஏறும்வரை பல கிலோமீட்டர் பின்தொடர வேண்டியிருக்கும். நெருங்கும் நேரத்தில் காற்று திரும்பினால் அன்றைய உழைப்பு வீண். மந்தையை விட்டுப் பிரிந்து சேற்றில் புரண்டு கிடக்கும் கிழட்டுக் காளைதான் இலக்கு. கொம்பின் அகலத்தைப் பார்த்து மயங்காமல், உச்சந்தலையில் இரு கொம்புகளும் சேரும் மேடு முற்றிலும் கெட்டியாகிவிட்டதா என்று பார்க்கும் வழிகாட்டியே நல்லவர்; அது மென்மையாக இருந்தால் காளை இன்னும் இளையது.

துப்பாக்கிக் குழலின் விட்டம் 9.2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி, நடைமுறையில் .375 எச் அண்ட் எச் என்னும் தோட்டா வகையே தொடக்கநிலை. அதன் பின்னுதைப்பைக் கண்டு கண்ணை மூடிக்கொள்பவர் அங்கே சுடக் கூடாது. கடிக்கும் ட்செட்சி ஈ நீலத்தையும் கறுப்பையும் தேடி வரும். ஜீன்ஸ் அணிந்து போனால் முதல் நாளே புரியும். தினக் கட்டணம் சமவெளி வேட்டையைப் போல இரண்டு மூன்று மடங்கு.

2015 ஜூலையில் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பையும் நினைவில் வைக்க வேண்டும். அதே ஆண்டில் டெல்டா உள்ளிட்ட விமான நிறுவனங்கள் சிங்கம், காட்டெருமை போன்றவற்றின் டிராபிகளை ஏற்றுவதை நிறுத்தின. பிரான்சும் ஆஸ்திரேலியாவும் சிங்க டிராபிகளின் இறக்குமதியைத் தடை செய்தன. சுடுவதற்கு உரிமம் கிடைப்பதும் அதை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி கிடைப்பதும் இரு வேறு நாடுகளின் இரு வேறு முடிவுகள்.

பெரிய மான்களைப் பல பருவங்கள் வேட்டையாடியவர், நாள்தோறும் பத்து கிலோமீட்டர் வெயிலில் நடக்கக்கூடியவர், தன் ஆசை காட்டெருமை ஒன்றே என்று திடமாக அறிந்தவர் ஆகியோர் முதல் பயணத்திலேயே இங்கே போகலாம். மற்றவர்கள் இதை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

## தான்சானியா

முதல் பயணமாக யாருக்கும் இதைச் சொல்லத் துணியமாட்டேன். ஆனாலும் கனவில் வருவது இதுதான் என்பதால் ஒதுக்கவும் முடியாது. நிலம் அரசுடையது, மாபெரும் பகுதிகளாகப் பிரித்து நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். வேலி இல்லை, பக்கத்து வீடு இல்லை, கூடாரம்தான் வீடு. வேட்டைக் காலம் ஜூலையில் தொடங்குகிறது. சிங்கத்துக்கு 21 நாள் உரிமம் கட்டாயம். ஆறு வயதுக்குக் குறைந்த சிங்கத்தைச் சுட்டால் சிக்கல். தினக் கட்டணம் ஆயிரங்களில். அதற்கு மேல் சுட்ட மிருகத்துக்கு அரசு வாங்கும் டிராபி கட்டணம், துப்பாக்கி அனுமதிக் கட்டணம், உடன் வருபவருக்கான கட்டணம், முகாமுக்குச் சிறு விமானம். செலூஸ் காப்பகத்தின் பெரும்பகுதி 2019இல் நியெரேரே தேசியப் பூங்காவாக மாறி வேட்டைக்கு மூடப்பட்டது. பழைய புகழை நம்பிப் பதிவு செய்யாமல், எந்தப் பகுதி என்று பெயரைக் கேட்டு வரைபடத்தில் பாருங்கள்.

பணமும் மூன்று வார விடுப்பும் தடையே இல்லாதவருக்கு, அதுவும் ஒருமுறையாவது காட்டெருமையை நேர்கொண்ட பிறகு, இதற்கு நிகரானது வேறில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தென்னாப்பிரிக்கா | நமீபியா | ஜிம்பாப்வே | தான்சானியா |
|---|---|---|---|---|
| நிலம் | பெரும்பாலும் உயர்வேலிப் பண்ணை | தாழ்வேலிப் பண்ணை, சமூக நிலம். உயர்வேலியும் உண்டு | திறந்த காடு, பெரிய தனியார் காப்புநிலம் | வேலியற்ற அரசுப் பகுதி |
| முதன்மை மிருகம் | சமவெளி வகைகள் பல | குடு, ஜெம்ஸ்பாக், மலை வரிக்குதிரை | காட்டெருமை | காட்டெருமை, சிங்கம் |
| வழக்கமான நாள் | 7 | 7 முதல் 10 | 7 முதல் 10 | 10 முதல் 21 |
| செலவு | குறைவு | குறைவு முதல் நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |
| குடும்பத்துக்கு | மிக நன்று | நன்று | சுமார் | கடினம் |

## விலைப்பட்டியலில் கண்ணில் படாத செலவுகள்

எல்லா நாட்டுக்கும் பொதுவான, எல்லோரையும் சுடும் விதி ஒன்று உண்டு: காயம்பட்ட மிருகம் கிடைக்காமல் போனாலும் முழு டிராபி கட்டணமும் கட்ட வேண்டும். நிலத்தில் இரத்தம் விழுந்தால் கணக்கு முடிந்தது. குடு ஒன்றைக் காயப்படுத்தி இழந்தால், விமானச்சீட்டுக்கு இணையான தொகை ஒரு விரல் அசைவில் போய்விடும். மிருகம் படும் வேதனை அதற்கும் மேல். வட அமெரிக்க மானைச் சுட்டுப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னே குறிவைக்கிறார்கள். ஆப்பிரிக்க மான் வகைகளின் இதயமும் நுரையீரலும் அதைவிட முன்னாலும் தாழ்வாகவும் இருப்பதால், முன்னங்காலின் கோட்டிலேயே மேலே போய் உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறார்கள்.

அடுத்தது தோலும் கொம்பும் வீடு வந்து சேரும் செலவு. உப்பிட்டு உலர்த்திய தோல், பதிவுபெற்ற நிலையத்தில் மருந்தில் நனைத்துப் பெட்டியில் அடைக்கப்பட்டு, கால்நடை மருத்துவச் சான்று பெற்று, சிறுத்தை போன்றவையானால் சைட்டீஸ் என்னும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் அனுமதியும் பெற்று, விமானச் சரக்காக வந்து, சுங்க முகவர் வழியே உங்களிடம் சேர ஓராண்டுகூட ஆகலாம். பாடம் செய்யும் கூலி தனி. நான்கு மிருகங்களுக்கு இவையெல்லாம் சேர்ந்தால் வேட்டைச் செலவில் பாதியைத் தொட்டுவிடும் என்றாலும் வியப்பில்லை. எல்லாவற்றையும் சுவரில் மாட்டியாக வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்து, ஒன்றிரண்டின் கொம்பும் மண்டையோடும் போதுமென்று விட்டால் பெருந்தொகை மிஞ்சும்.

வழிகாட்டி, தடம் பார்ப்பவர், தோலுரிப்பவர், சமையல்காரர் எல்லோருக்கும் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். எவ்வளவு என்று ஏற்பாட்டாளரிடமே முன்கூட்டிக் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் தினக் கட்டணத்தின் மேல் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேருமா, சொன்ன தொகைக்குள் அடக்கமா என்று எழுத்தில் பெறுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல வேட்டையை விலக்கியிருக்கும். காட்டிலிருந்து மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசேர்க்கும் காப்பீடு தனியே வேண்டும். அறக்கட்டளை ஏலங்களில் மலிவாகக் கிடைக்கும் வேட்டைகளிலும் கவனம் தேவை. ஒரே மிருகமும் ஐந்து நாளும் மட்டுமே அதில் அடங்கியிருக்கும். மீதியெல்லாம் போன பிறகுதான் கணக்கில் ஏறும்.

துப்பாக்கியைச் சொந்தமாகக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்வியிலும் இதே கணக்குத்தான். இடையில் விமானம் மாறும் நாட்டிலும் அனுமதி தேவைப்படலாம். தோட்டாக்கள் தனிப் பூட்டுப் பெட்டியில் ஐந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். முதல் சமவெளி வேட்டைக்கு வாடகைத் துப்பாக்கி பல நேரங்களில் மலிவும் நிம்மதியும். காட்டெருமைக்கு மட்டும் கைபழகிய சொந்தத் துப்பாக்கியே வேண்டும்.

## ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை

நிலத்தின் பரப்பு, வேலியின் உயரம், நான் தேடும் மிருகம் அங்கே பிறந்ததா வாங்கி விடப்பட்டதா என்ற மூன்றையும் முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். நேராகப் பதில் சொல்பவரோடு மட்டும் மேலே பேசினால் போதும். என்னை அழைத்துப்போகும் வழிகாட்டி யார், அவருடைய உரிமம் எந்த மிருகங்களுக்குப் பொருந்தும், என்னோடு இன்னொரு வேட்டைக்காரரையும் சேர்த்து அவரே பார்த்துக்கொள்வாரா என்பவை அடுத்தவை. முன்பு போனவர்களின் பெயர்களைக் கேட்கும்போது, நினைத்த மிருகம் கிடைக்காமல் திரும்பியவர் ஒருவரின் தொடர்பையும் கேளுங்கள். வெறுங்கையோடு போனவரை எப்படி நடத்தினார்கள் என்பதிலிருந்தே அந்த நிறுவனத்தின் தரம் தெரிந்துவிடும்.

பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம்தான். ஆனால் பயணம் ரத்தானால் அது திரும்புமா, அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாதவரை ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளே மூங்கில் கழியிலோ உலோகத்திலோ ஒரு முக்காலித் தாங்கி வாங்கி, நின்றபடி அதன் மேல் துப்பாக்கியை வைத்து நூறு மீட்டரில் சுட்டுப் பழகத் தொடங்கலாம். அங்கே பெரும்பாலான குண்டுகள் அப்படித்தான் சுடப்படுகின்றன, மேசையில் மணல்மூட்டை வைத்தல்ல.